பி.ரம்லி: பிறந்த நாளுக்கும் மறைந்த நாளுக்கும் இடையே



ஆண்டுதோறும் மார்ச் 22-ஆம் நாளும் மே 29-ஆம் நாளும் நெருங்கும்போது, நம் நாட்டு வானொலியும் தொலைக்காட்சியும் ஒரே மனிதரின் குரலை நாடிச் செல்வதைக் காண்கிறோம். முன்னது அவர் பிறந்த நாள்; பின்னது அவர் மறைந்த நாள். 1929-இல் பினாங்கில் பிறந்து 1973-இல் கோலாலம்பூரில் கண்மூடிய பி.ரம்லி, இவ்வுலகில் வாழ்ந்தது நாற்பத்து நான்கு ஆண்டுகளே. அதற்குள் பாடகராகவும் இசையமைப்பாளராகவும் நடிகராகவும் இயக்குநராகவும் கதாசிரியராகவும் விளங்கி, அறுபதுக்கு மேற்பட்ட படங்களிலும் 250-க்கும் அதிகமான பாடல்களிலும் தம் முத்திரையைப் பதித்துவிட்டுச் சென்றார்.

நம் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கும் அவர் புதியவர் அல்லர். பெருநாள் விடுமுறைகளில் தொலைக்காட்சியில் வரும் 'பூஜாங் லாப்போக்' படங்களைப் பார்த்துச் சிரிக்காத பிள்ளை இந்நாட்டில் அரிது. ஆனால் நம்மில் பலருக்கு அவரைப் பற்றிய அறிவு அந்தச் சிரிப்போடு நின்றுவிடுகிறது. மலாய்ப் பாட்டு, மலாய்ப் படம், அது அவர்களுடைய வரலாறு என்று ஒதுக்கி வைத்துவிடுகிறோம். அந்த வரலாற்றின் உள்ளே புகுந்து பார்த்தால் நம்மவர் கைவண்ணமும் அங்கே தெரியும். ஒரு கலைஞன் உயிரோடு இருக்கும்போது ஒரு சமுதாயம் அவனை எப்படி நடத்துகிறது என்ற வேதனையான பாடமும் தெரியும். இவ்விரண்டையும் குறித்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். வகுப்பறையில் இவர் பெயரைச் சொன்னதும் "ஐயா, அந்த 'பி' என்ன?" என்று மாணவர்கள் கேட்பது வழக்கம். மலாய்க்காரர் பெயர்களில் 'பின்' என்று வருமே தவிர, நம்மைப்போல் முன்னெழுத்து வருவதில்லையே என்பது அவர்களின் ஐயம். நல்ல கேள்விதான். இவருடைய இயற்பெயர் தெங்கு சக்கரியா. தந்தையார் தெங்கு ஞாக் புத்தே, சுமத்திராவின் ஆச்சே நிலப்பகுதியிலிருந்து பினாங்குக்கு வந்து குடியேறியவர். தாயார் சே மா, பட்டர்வொர்த் பக்கத்தைச் சேர்ந்தவர். 'புத்தே' என்னும் தந்தை பெயரின் முதலெழுத்தே அந்தப் 'பி'. தந்தை பெயரை முன்னெழுத்தாக வைத்துக்கொள்ளும் முறை நமக்குப் பழகியது. அவருக்கும் அதுவே வாய்த்தது ஓர் இனிய ஒற்றுமை. அதற்குமேல் அதில் பொருள் தேட வேண்டியதில்லை.

பினாங்கு அக்காலத்தில் ஒரு துறைமுக நகரம் மட்டுமன்று. கிழக்கும் மேற்கும் தத்தம் பாட்டுகளைக் கொண்டுவந்து கொட்டிய சந்தையும் ஆகும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் கப்பலேறி அங்கே வந்தன. மொழி புரியாவிட்டாலும் மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்று பார்த்தனர். 'வாயாங் பார்சி' என்று அதற்குப் பெயரும் வைத்தனர். அந்தப் பாணியை உள்ளூரார் மலாய்மொழியில் ஆடத் தொடங்கியபோது, 1880-களில் 'பங்சாவான்' என்னும் நாடகக்கலை பிறந்தது. அதனைத் தொடங்கி வைத்தவர்களுள் பினாங்கில் வாழ்ந்த இந்திய முஸ்லிம்கள் இருந்தனர். ஆர்மோனியமும் தபேலாவும் வயலினும் சேர்ந்த இசைக்குழு, காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே திரையை இறக்கிவிட்டுப் பாடும் பாட்டு, அரசன் கதை, பேய்க் கதை, காதல் கதை எல்லாம் அதில் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே பார்சி நாடகம் தமிழகத்தையும் விட்டுவைக்கவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து மேடைகளில் பார்சி மெட்டுகளும் இந்துஸ்தானி மெட்டுகளும் தாராளமாகப் புழங்கின. அந்த மேடையிலிருந்துதான் நம் முதல் தலைமுறைத் திரைப்பாடகர்கள் வந்தார்கள். ஆக, தமிழ்த் திரைப்பாடலுக்கும் மலாய்த் திரைப்பாடலுக்கும் பாட்டன் ஒருவர்தான். பி.ரம்லியின் தொடக்ககாலப் பாடல்களைக் கேட்கும்போது "எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இந்த உறவுதான்.

இவர் படித்தது கம்போங் ஜாவா மலாய்ப்பள்ளியிலும், பிரான்சிஸ் லைட் ஆங்கிலப்பள்ளியிலும், பின்னர் பினாங்கு ஃபிரீ ஸ்கூலிலும். படிப்பில் சிறந்து விளங்கினார் என்று யாரும் சொன்னதில்லை. காற்பந்தும் பாட்டுமே அவர் நாட்டங்கள். 1941 டிசம்பரில் போர் வந்து பள்ளிகள் மூடின. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அவர்கள் நடத்திய கடற்படைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஜப்பானியப் பாடல்களையும் கற்றார். பஞ்சமும் அச்சமும் நிறைந்த அந்த மூன்றரை ஆண்டுகளில் ஒரு சிறுவனின் காதில் புதிய இசை ஒன்று விழுந்து தங்கியது என்பதும் வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

யூக்குலேலே, கிட்டார், வயலின் என்று ஒவ்வொன்றாகப் பழகினார். கமாருடின் என்னும் இசை ஆசிரியரிடம் மேற்கத்திய இசைக்குறிப்புகளை எழுதவும் படிக்கவும் கற்றுக்கொண்டார். ஆசிரியர்களாகிய நாம் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனெனில் 'பிறவிக் கலைஞர்', 'யாரிடமும் கற்காதவர்' என்று இத்தகையோரைப் பற்றிக் கதை கட்டுவதில் நமக்கு ஒரு சுகம் இருக்கிறது. குரல் பிறவியில் வந்திருக்கலாம். மனத்தில் எழும் ஒரு மெட்டைத் தாளில் இறக்கி, பன்னிரண்டு பேர் கொண்ட குழுவின் கையில் கொடுத்து வாசிக்க வைப்பது கற்றுக்கொண்டால்தான் வரும். அந்தக் கல்வி பதின்பருவத்திலேயே அவருக்குக் கிட்டியது.

போர் முடிந்தபின் நண்பர்களோடு இசைக்குழு அமைத்துத் திருமணங்களிலும் விழாக்களிலும் பாடினார். 1948-இல் புக்கிட் மெர்தாஜாமில் நடந்த ஒரு வேளாண் கண்காட்சியில் பாடிக்கொண்டிருந்தபோது, சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த பி.எஸ்.ராஜ்ஹன்ஸ் என்னும் இயக்குநர் அவரைக் கண்டார். இந்தியாவிலிருந்து வந்த ராஜ்ஹன்ஸ், 1930-களில் சிங்கப்பூரில் முதல் மலாய்ப் படமான 'லைலா மஜ்னுன்' எடுத்தவர். அவர் அழைப்பை ஏற்று, அதே ஆண்டு ஆகஸ்டில் பத்தொன்பது வயது இளைஞராகப் பி.ரம்லி சிங்கப்பூருக்குப் புறப்பட்டார்.

அவர் சென்று சேர்ந்த இடம் பாலஸ்டியர் சாலையை ஒட்டிய ஜாலான் அம்பாஸ், எண் 8. ஷா சகோதரர்கள் நடத்திய மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் படப்பிடிப்புக் கூடம் அங்கே இருந்தது. முதலாளிகள் சீனர்கள், நடிகர்கள் மலாய்க்காரர்கள், இயக்குநர்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். மலாய் மக்கள் இந்தியப் படங்களை விரும்பிப் பார்த்ததால், அதே பாணியில் எடுக்கத் தெரிந்தவர்களை ஷா நிறுவனம் தேடிப் பிடித்தது. எஸ்.இராமநாதன், கே.எம்.பாஸ்கர், பி.என்.ராவ், எல்.கிருஷ்ணன், வங்காளத்தைச் சேர்ந்த பணி மஜும்தார் முதலியோர் அங்கே பணியாற்றினர். இவர்களுள் பி.என்.ராவ் தமிழிலும் படங்கள் இயக்கியவர். கதைகள் பலவும் இந்தியப் படங்களின் சாயலில் அமைந்தவை. கதைக்கேற்ற பாட்டுகளும் அவ்வாறே. ஒரு படத்தில் ஐந்தாறு பாட்டு கட்டாயம் என்ற வழக்கமும் அவ்வாறு வந்ததுதான்.

முதல் படமான 'சிந்தா' 1948-இல் வெளிவந்தது. அதில் அவருக்குக் கதாநாயகன் வேடம் இல்லை, வில்லனாக நடித்தார். ஆனால் கதாநாயகனாக நடித்த ரூமாய் நூருக்குப் பின்னணி பாடினார். திரையில் தம்மோடு மோதுகிறவருக்குத் தம் குரலையே கொடுத்து நின்றார். நாயகனுக்குரிய தோற்றம் இவருக்கு இல்லை என்று கூடத்தார் எண்ணியதே அதற்குக் காரணம்.

அந்த எண்ணத்தை உடைத்தவர் எல்.கிருஷ்ணன். அன்றைய சென்னை மாகாணத்தில் பிறந்து, சிறு வயதிலேயே மலாயாவுக்கு வந்து, பினாங்கில் வளர்ந்தவர். 1950-இல் தாம் இயக்கிய 'பக்தி' படத்தில் பி.ரம்லியே நாயகனாக நடிக்க வேண்டும் என்று நின்று சாதித்தார். படத்தின் பெயர் நமக்குப் புரியும் சொல்லாகவே இருப்பதையும் கவனியுங்கள். மலாய்மொழியில் அது தொண்டு, நன்றிக்கடன் என்னும் பொருள் தரும். அப்படம் வந்தபின் பி.ரம்லி தம் குரலில் தாமே பாடி நடிக்கும் நாயகரானார். மலாய் இரசிகர்கள் முகத்தையும் குரலையும் ஒன்றாகப் பார்க்கத் தொடங்கினர். அடுத்த ஆண்டு எஸ்.இராமநாதன் இயக்கத்தில் 'ஜுவித்தா', 1953-இல் பி.என்.ராவ் இயக்கத்தில் 'ஊஜான் பானாஸ்' என்று வரிசையாகப் படங்கள் வந்தன.

எல்.கிருஷ்ணனின் பெயர் நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்குத் தெரியும்? நாட்டுக்கு உழைத்த தமிழர்கள் என்று தோட்டத்தையும் இரயில் பாதையையும் சொல்லிக் கொடுக்கிறோம். அது சரிதான். அதோடு இதையும் சேர்த்துச் சொன்னால் என்ன என்பதே என் கேள்வி. இதற்காகப் பி.ரம்லியை 'நம்மால் உருவானவர்' என்று மார்தட்டிக்கொள்ளவும் கூடாது. கதவைத் திறந்து விட்டவர்கள் நம்மவர்களாக இருக்கலாம். உள்ளே நுழைந்து வீட்டைக் கட்டியவர் அவர்தான்.

அவர் கட்டிய இசைவீடு எப்படிப்பட்டது? மலாய் மரபிசையில் 'அஸ்லி', 'இனாங்', 'ஜோகெட்', 'ஸாப்பின்' என்று பல வகைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனித்த தாள நடையும் பாடும் முறையும் உண்டு. அஸ்லி மெதுவாக நடக்கும். பாடகர் சுரங்களை வளைத்து அசைத்துப் பாடுவார். நம் செவிக்கு அந்த அசைவுகள் கமகத்தை நினைவூட்டும். ஜோகெட் துள்ளும், போர்த்துக்கீசியர் வழிவந்தது என்பர். இவற்றோடு அக்காலத்தில் மேற்கிலிருந்து வந்த ரும்பா, சாம்பா, மாம்போ, சா-சா, வால்ட்ஸ் ஆகியவற்றைப் பி.ரம்லி கலந்தார். இந்திய மெட்டின் சாயலும் அங்கங்கே தலைகாட்டும். ஆனால் பாட்டைக் கேட்டு முடிக்கும்போது அது மலாய்ப் பாட்டாகவே இருக்கும். எதை எடுத்தாலும் தம் மொழியின் உச்சரிப்புக்கு ஏற்பத் தாளத்தைத் தளர்த்தியும் இறுக்கியும் கொள்ளும் திறமை அவருக்கு இருந்தது.

வரிகளைப் பெரும்பாலும் வேறு கவிஞர்கள் எழுதினர். எஸ்.சுடர்மாஜி, ஜமீல் சூலோங் இருவரும் அவர்களுள் முதன்மையானவர்கள். 1960-இல் வந்த 'அந்தாரா டுவா டார்ஜாட்' படத்தின் 'கெத்தாரான் ஜீவா' பாடலுக்கு வரிகள் சுடர்மாஜியுடையவை. உயிரின் அதிர்வு என்பது தலைப்பின் பொருள். ஏழைப் பியானோக் கலைஞனுக்கும் அரச குலப் பெண்ணுக்கும் இடையில் முளைக்கும் காதலைச் சொல்லும் படம் அது. மலாய்ப் பாடல்களுள் இதுபோல் எத்தனையோ பாடகர்கள் மீண்டும் மீண்டும் பாடிய பாடல் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. இசையமைப்பாளரும் கவிஞரும் ஒரே அறையில் உட்கார்ந்து மெட்டுக்குச் சொல் தேடும் காட்சி நமக்குப் பழக்கமானதுதான். அதே ஆண்டுகளில் சென்னையில் எம்.எஸ்.விசுவநாதனும் கண்ணதாசனும் அதையே செய்துகொண்டிருந்தனர். விசுவநாதன் 24.6.1928-இல் பிறந்தவர், கண்ணதாசன் அதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன், 24.6.1927-இல். பி.ரம்லி இவர்களுக்கு இளையவர், ஏறத்தாழ ஒரே வயதினர். ஒருவரை ஒருவர் அறியாமல் வங்கக் கடலின் இருபுறத்திலும் மூவரும் ஒரே வேலையைச் செய்தனர்.

1955-இல் 'பெனாரேக் பெச்சா' படத்தின் மூலம் இயக்குநராகவும் ஆனார். பெச்சா எனப்படும் மூன்று சக்கர வண்டியை மிதித்துப் பிழைக்கும் ஏழையின் கதை. அதுவரை இந்தியாவிலிருந்து வந்தவர்கள் அமர்ந்த இயக்குநர் நாற்காலியில் உள்ளூர் மலாய்க் கலைஞர் ஒருவர் அமர்ந்து இத்தகைய வெற்றி கண்டது ஒரு மைல்கல். அப்படத்தில்தான் அவருடைய புகழ்பெற்ற 'அசீசா' பாடல் இடம்பெற்றது. 1956-இல் பணி மஜும்தார் இயக்கிய 'ஹங் துவா' படத்தின் இசைக்காக ஆசியத் திரைப்பட விழாவில் விருது பெற்றார். மறு ஆண்டு தோக்கியோவில் நடந்த அதே விழாவில் 'அனாக்கு சசாலி' படத்துக்காகச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அதில் தந்தை, மகன் என இரு வேடம். தந்தை ஓர் இசைக்கலைஞர். மகனைச் செல்லம் கொடுத்துக் கெடுத்து, முடிவில் அவனைத் தம் கையாலேயே காவல்துறையிடம் ஒப்படைக்கிறார். பெற்றோர்கள் ஒருமுறையேனும் பார்க்க வேண்டிய படம்.

புகழின் உச்சியில் இருந்தபோதும் அவர் ஷா நிறுவனத்தின் சம்பளக்காரர்தான் என்பதை மறக்கக்கூடாது. மாதச் சம்பளம் உண்டு. படத்தின்மீது உரிமை இல்லை. 1957 மார்ச்சில், கலைஞர்கள் சிலர் பணிநீக்கம் செய்யப்பட்டதைத் தொடர்ந்து ஜாலான் அம்பாஸில் வேலைநிறுத்தம் நடந்தது. 'பெர்சாமா' என்னும் கலைஞர் சங்கத்தை முன்னின்று நடத்தியவர்களுள் பி.ரம்லியும் ஒருவர். நாடு விடுதலை பெறுவதற்குச் சில மாதங்களே இருந்த நேரம் அது. திரையில் சிரிக்க வைத்தவர்கள் வாயிலில் பதாகை ஏந்தி நின்ற அந்தக் காட்சியை, அவருடைய நகைச்சுவைப் படங்களை மட்டும் அறிந்தவர்கள் கற்பனை செய்வதும் கடினம்.

1962-இல் வெளிவந்த 'இபு மெர்துவாக்கு' பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 'என் மாமியார்' என்பது பொருள். காசிம் செலாமாட் என்னும் சாக்ஸபோன் கலைஞனைச் செல்வக் குடும்பத்துப் பெண் ஒருத்தி காதலிக்கிறாள். மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று தாய் கேட்கிறாள். வழக்குரைஞரோ நீதிபதியோ என்று அவள் எதிர்பார்த்திருக்க, இசைக்காரன் என்ற பதில் வருகிறது. தன் பரம்பரையிலேயே அப்படிப்பட்டவரோடு சம்பந்தம் வைத்ததில்லை என்று கொதிக்கிறாள். இசையைக் கைவிட வேண்டும் என்று அவனுக்கு நிபந்தனை. மனைவி இறந்துவிட்டாள் என்று பின்னர் ஒரு பொய்த் தந்தி. அழுதழுது அவன் பார்வை போகிறது. பார்வை மீண்டபின் உண்மை தெரியவருகிறது. பார்வை கொடுத்த மருத்துவரே தன் மனைவியை மணந்தவர் என்று அறிந்ததும், முட்கரண்டிகளால் தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான். மிகைதான், நம் பழைய படங்களும் இந்த மிகைக்குக் குறைந்தவை அல்ல. ஆனால் அந்தத் தாயின் கேள்வியில் மிகை எதுவுமில்லை. இன்றும் நம் வீட்டு வரவேற்பறைகளில் கேட்கும் கேள்விதான் அது. பியானோ தேர்வுக்கும் வயலின் வகுப்புக்கும் பணம் கட்டுகிற பெற்றோர், பிள்ளை அதையே தொழிலாகக் கொள்கிறேன் என்றால் முகம் சுளிப்பதை ஆசிரியர்கள் அறிவோம். சொல்லப்போனால் அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. பி.ரம்லியின் பின்னாள் வாழ்க்கையே அதற்குச் சான்று.

1964-இல் அவர் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்கு வந்தார். உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா படப்பிடிப்புக் கூடம் அவருடைய புதிய களமாயிற்று. சொந்த நாட்டின் தலைநகரில் புதிய திரைத்தொழிலை எழுப்பும் நம்பிக்கையோடுதான் வந்தார். ஆனால் காலம் திசைமாறிவிட்டிருந்தது. இந்தோனேசியாவுடனான மோதலால் அங்கிருந்த பெரிய சந்தை அறுந்துபோயிற்று. 1963 பிப்ரவரியில் சிங்கப்பூரிலும் டிசம்பர் 28-இல் மலேசியாவிலும் தொலைக்காட்சி தொடங்கிவிட்டது. இந்திய, ஹாங்காங் படங்கள் வண்ணத்தில் வந்து குவிய, மெர்டேக்கா கூடத்தில் கறுப்பு வெள்ளையில், குறைந்த செலவில், பழைய கருவிகளோடு படமெடுக்க வேண்டியிருந்தது. ஜாலான் அம்பாஸில் பழகிய இசைக்குழுவும் தொழில்நுட்பக் கலைஞர்களும் உடன் வரவில்லை. அந்தக் கூடமும் 1967-இல் மூடப்பட்டது.

இசையிலும் ஒரு புயல் வீசியது. பீட்டில்ஸ் குழுவினரின் பாடல்கள் உலகைச் சுற்றிவந்த காலம் அது. மின்கிட்டார் மூன்று, முரசு ஒன்று என்று தெருவுக்கொரு குழு முளைத்தது. மலாய்மொழியில் அப்பாடல்களுக்குப் 'பாப் யே யே' என்றே பெயர் வந்துவிட்டது. பீட்டில்ஸ் பாட்டில் வரும் கூவலே பெயருக்கு மூலம். இளைஞர்களுக்கு வயலினும் அக்கார்டியனும் தாத்தா காலத்துப் பொருள்களாகிவிட்டன. பி.ரம்லி இதை அறியாதவர் அல்லர். 1964-இல் வந்த 'தீகா அப்துல்' படத்தில் 'பூஞி கிதார்' என்று கிட்டார் ஓசையைக் கொண்டாடும் துள்ளல் பாட்டையே போட்டார். அது இன்றும் கேட்க இனிமையானது. ஆனால் முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் பதினெட்டு வயதினரின் பாட்டைப் பாடினால் அந்தப் பதினெட்டு வயதினர் கேட்பார்களா? தமிழ்த் திரையிசையிலும் இத்தகைய தலைமுறை மாற்றங்களை நாம் பார்த்திருக்கிறோம். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது முந்தைய தலைமுறை எவ்வளவு விரைவில் 'பழையது' ஆனது என்பதை மூத்த ஆசிரியர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

அந்தக் காலத்துப் படங்களுள் 1968-இல் வந்த 'கெரிமிஸ்' நமக்கு முக்கியமானது. தூறல் என்று பொருள். கமால் என்னும் மலாய் இளைஞனும் லீலா என்னும் இந்தியப் பெண்ணும் காதலித்து மணந்துகொள்ள, இரு வீட்டாரும் அவர்களை ஒதுக்கிவிடுகின்றனர். கமாலாகப் பி.ரம்லியும் லீலாவாகச் சந்திரா சண்முகமும் நடித்தனர். பழியை ஒரு சமூகத்தின்மேல் மட்டும் போடாமல், இரு பக்கத்துப் பெற்றோரின் பிடிவாதத்தையும் சமமாகக் காட்டிய படம். மறு ஆண்டு மே மாதத்தில் தலைநகரில் நடந்தவற்றை அறிந்தவர்களுக்கு, இந்தப் படம் வந்த காலம் எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை. தொழில்நுட்பத்தில் குறைகள் உண்டு. மெர்டேக்கா காலத்துப் படங்கள் எல்லாவற்றிலும் உண்டு. எனினும் 'பிற்காலத்தில் அவர் எடுத்தவை எல்லாம் வீண்' என்று சொல்லிவிடுகிற விமர்சகர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியப் பண்பாட்டு மாநாடு நடந்தது. அதில் பி.ரம்லி ஒரு கட்டுரை படைத்தார். அஸ்லி முதலிய மரபிசையின் தரத்தை உயர்த்தி வளப்படுத்துவது எப்படி என்பதே பொருள். பேராசிரியர்களும் எழுத்தாளர்களும் கூடிய அவையில் பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட ஒரு திரைக்கலைஞர் மரபிசைக்காக வாதாடினார். மின்கிட்டார்களின் நடுவே அந்தக் குரல் எவ்வளவு தூரம் கேட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

1972-இல் 'லக்ஸ்மனா டோ ரே மி' வந்தது. அவர் இயக்கிய கடைசிப் படம் அதுவே. அதன்பின் எடுக்க நினைத்தவை நடக்கவில்லை. அவர் கடைசியாக இயற்றிய பாடல்களுள் ஒன்றின் தலைப்பு 'ஆயர் மாத்தா டி கோலாலம்பூர்', அதாவது 'கோலாலம்பூரில் கண்ணீர்'. அதை அவர் குரலில் கேட்கும் வாய்ப்பு நமக்கு இல்லாமற்போயிற்று. 29.5.1973-இல் மாரடைப்பு அவரைக் கொண்டுசென்றது. பின்னர் அவர் மனைவி சலோமா அப்பாடலைப் பாடினார்.

அவருடைய இறுதிக்கால வறுமையைப் பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. எல்லாவற்றையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. இறந்தவரின் துன்பத்தைப் பெரிதாக்கி உருகுவதும் நம் வழக்கங்களுள் ஒன்றுதான். ஆயினும் அடிப்படை உண்மை மாறாது. அவருடைய படங்களையும் பாடல்களையும் திரும்பத் திரும்ப ஒளிபரப்பி மகிழ்ந்த நாட்டில், அவற்றின் உரிமை அவரிடம் இல்லை. வாய்ப்புகள் வறண்டு, பார்த்த இடங்களில் புறக்கணிப்பைச் சந்தித்துத்தான் இறந்தார். கலைஞர்களின் பதிப்புரிமையை வலுப்படுத்திய சட்டம் நம் நாட்டில் வந்தது 1987-இல். அவர் மறைந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து.

மரியாதைகள் பின்னால் வந்தன. 1982-இல் கோலாலம்பூரின் பாரி சாலை 'ஜாலான் பி.ரம்லி' ஆயிற்று. இரவு விடுதிகளுக்குப் பெயர்போன அந்தச் சாலைக்கு மாலையில் மார்க்க நெறியும் மரபிசையும் பேசிய மனிதரின் பெயர் வாய்த்ததை என்னவென்பது! பினாங்கில் அவர் பிறந்த வீடு இருக்கும் கவுண்டர் ஹால் சாலைக்கும் அவர் பெயரே இடப்பட்டது. அந்த வீடு நினைவில்லமாகக் காக்கப்படுகிறது. செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு 22.3.1986-இல், அவருடைய பிறந்தநாளிலேயே, நினைவு நூலகமாகத் திறக்கப்பட்டது. உயிரோடு இருந்தபோது 1962-இல் ஏ.எம்.என். பட்டம் கிடைத்திருந்தது, 'டான் ஸ்ரீ' பட்டம் 1990-இல், மறைந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பின், வழங்கப்பட்டது. 2007-இல் இஸ்தானா புடாயாவில் அவர் வாழ்க்கை இசை நாடகமாக அரங்கேறியது.

கல்விச் சுற்றுலாவுக்குப் பினாங்கு செல்லும் பள்ளிகள் கொடிமலையையும் கொம்தாரையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. அந்தச் சிறிய பலகை வீட்டையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். இசைப்பாடம் நடத்தும் ஆசிரியர்கள், அஸ்லிப் பாட்டு ஒன்றையும் 'பூஞி கிதார்' பாட்டையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு, இரண்டும் ஒருவர் இயற்றியவையா என்று மாணவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். தாள வேறுபாட்டை விளக்க அதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

சலோமாவைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவுறாது. 22.1.1935-இல் சிங்கப்பூரில் பிறந்தவர். இயற்பெயர் சல்மா இஸ்மாயில். 1961-இல் பி.ரம்லியை மணந்தார். நோன்புப் பெருநாள் வந்தால் பேரங்காடிகளில் எல்லாம் ஒலிக்கும் 'செலாமாட் ஹரி ராயா' இவர் பாடியதுதான். கணவர் மறைந்தபின் பத்தாண்டுகள் வாழ்ந்து, 31.3.1983-இல், தம் நாற்பத்தெட்டாம் வயதில் காலமானார். ஜாலான் அம்பாங் முஸ்லிம் மயானத்தில் இருவரும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அதன் அருகிலேயே, கம்போங் பாருவையும் இரட்டைக் கோபுரப் பகுதியையும் இணைக்கும் நடைப்பாலம் ஒன்று 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. வெற்றிலை மடிப்புப் போன்ற வடிவில், இரவில் வண்ண விளக்குகளோடு நிற்கும் அந்தப் பாலத்துக்குப் பெயர் 'பிந்தாசான் சலோமா'.